சம்பலாக இருக்கும்வரை வல்லாரை

பருத்தித்துறைச் சமையலறையில் தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாயோடு பிசைந்து தேசிக்காய்ப் புளி விட்ட வல்லாரைச் சம்பலுக்கு விளக்கம் தேவையில்லை. கொத்தமல்லி, சீரகத்தின் குடும்பத்தைச் சேர்ந்த கொடி இது; இலைகளுக்கடியில் ஒளிந்திருக்கும் இளஞ்சிவப்புப் பூவைப் பலர் கண்டிருக்கவே மாட்டார்கள். பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளுக்கு இதை ஊட்டுவது நினைவாற்றல் கூடுமென நம்பித்தான். ஆனால் 2017இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்று, அறிவுத்திறனை இது கூட்டுகிறது என்பதற்கு வலுவான சான்றில்லை என்றே முடித்தது. காயம் ஆற்றுவதில் நிலைமை வேறு: இலையிலுள்ள ஏசியாட்டிகோசைட் தோலில் கொலாஜன் உருவாவதைத் தூண்டுகிறது.

தலைமுறைகளின் அனுபவம் பொய்யா என்று கேட்கலாம். பொய்யில்லை, ஆனால் அந்த அனுபவம் இடைக்கிடை சோற்றோடு உண்ட ஒரு பிடி இலையைப் பற்றியது. நாள்தோறும் விழுங்கும் செறிவூட்டிய மாத்திரைக்கு அது சாட்சி சொல்லாது. ஆர்ஜென்டீனாவில் வல்லாரை மாத்திரைகளை வாரக்கணக்கில் உட்கொண்ட 3 பெண்களுக்கு ஈரல் அழற்சி ஏற்பட்டதை 2005இல் மருத்துவர்கள் பதிவு செய்தனர். இயற்கையானது என்பதாலேயே எதுவும் அளவற்றதாகிவிடாது (வியாபாரிகள் இதை ஒப்புக்கொள்வது அரிது). ஈரநிலத்தில் தரையோடு படரும் செடி என்பதால் கழிவுநீர் ஓரத்தில் பறித்ததைத் தவிருங்கள். நன்றாகக் கழுவிச் சம்பல் போடுங்கள். ஈரல் நோயாளர் மாத்திரை வாங்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.