உங்களுக்குத் தெரியுமா? மாடி, பங்கு, காற்றாலை

◆ திருச்சியில் தென்னூர், தில்லைநகர்ப் பக்கம் மாடியில் சோலார் போட நினைப்பவர்கள் முதலில் எடுக்க வேண்டியது ஈ.பி. அட்டையை. இரண்டு மாதத்தில் 500 யூனிட் தாண்டினால், 2024 ஜூலைக் கட்டணப்படி அடுத்த 100 யூனிட்டுக்குத் தலா 8.55 ரூபாய். 600க்கு மேல் 9.65, 800க்கு மேல் 10.70, ஆயிரத்துக்கு மேல் 11.80. சோலார் முதலில் வெட்டுவது இந்த உச்சி யூனிட்டுகளைத்தான். இரண்டு ஏ.சி. ஓடும் வீட்டில் நாலைந்து வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும். 200 யூனிட்டுக்குள் அடங்கும் வீட்டில்? முதல் 100 யூனிட் இலவசம், மீதிக்குச் சில நூறு ரூபாய்தான் பில். அவர்கள் அந்தப் பணத்தைத் தபால் ஆபீசில் போடலாம், ஏஜென்ட் என்ன சொன்னாலும் சரி.

◆ ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வெயில் இடம் வேண்டும். நம்மூர் வெயிலுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். ஆனால் தண்ணீர் டேங்க்கின் நிழல் ஒரே பேனலில் விழுந்தாலும், அதோடு வரிசையாக இணைத்த மற்ற பேனல்களின் உற்பத்தியும் குறையலாம். சித்திரையில் மாடி ஏறிப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாயும். தென்புறத்து வீட்டின் நிழல் உங்கள் மாடிக்கு நீளும்.

◆ 2024 பிப்ரவரியில் வந்த 'பி.எம். சூர்ய கர்' திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். எல்லாம் பொருத்தி முடித்து, சரிபார்த்த பிறகுதான் அது வங்கிக் கணக்குக்கு வரும். முதலில் கையைவிட்டுப் போட வேண்டும் என்பதை விளம்பரங்கள் சன்ன எழுத்தில் சொல்கின்றன.

◆ திருச்சி மாநகராட்சியும் பஞ்சப்பூரில் தன் கரண்ட் செலவைக் குறைக்கச் சோலார் நிலையம் வைத்திருக்கிறது.

◆ அப்பார்ட்மென்ட்காரருக்குச் சொந்த மாடி ஏது? பசுமைத் திட்டங்களுக்குக் கடன் கொடுத்து வட்டி வாங்கும் வழி அவருக்கும் உண்டு. மத்திய அரசு 2023 ஜனவரியில் முதன்முதலாகப் பசுமைக் கடன்பத்திரம் வெளியிட்டது. முதல் ஏலம் 8,000 கோடி ரூபாய். பத்தாண்டுப் பத்திரத்துக்கு வட்டி 7.29 சதவீதம். இப்படிப்பட்ட அரசுப் பத்திரங்களை ரிசர்வ் வங்கியின் 'ரீடெயில் டைரக்ட்' தளத்தில், தரகர் இல்லாமல், 10,000 ரூபாயிலிருந்து நாமே வாங்கலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

◆ காற்றும் வெயிலும் சுத்தம். பங்கு விலைக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. சோலார், காற்றாலைத் திட்டங்களுக்குக் கடன் தரும் மத்திய அரசு நிறுவனம் இரெடா. 2023 நவம்பரில் 32 ரூபாய்க்கு வந்த அதன் பங்கு, 2024 ஜூலையில் 300ஐத் தாண்டியது. எட்டே மாதத்தில் பாதிக்கும் கீழே இறங்கியது. டீக்கடையில் பேர் அடிபட்ட பிறகு, உச்சத்தில் வாங்கியவர்கள் இன்னும் பேசுவதில்லை. காற்றாலை தயாரிக்கும் சுஸ்லான் கம்பெனிப் பங்கின் கதை இன்னும் நீளம்: 2008 ஜனவரியில் 400 ரூபாய்க்கு மேல், 2012ல் வெளிநாட்டுக் கடன்பத்திரத் தொகையைத் திருப்பித் தர முடியாத நிலை, 2020 மார்ச்சில் சுமார் 2 ரூபாய். அத்தனை காலமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. கடன்தான் கழுத்தை நெரித்தது. கம்பெனி எதைத் தயாரிக்கிறது என்பதோடு எவ்வளவு கடன் வைத்திருக்கிறது என்பதையும் பாருங்கள்.

◆ தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் வந்தது. பின்னாளில் மில் முதலாளிகள் முப்பந்தலுக்கும் கயத்தாறுக்கும் படையெடுத்ததில் காற்றுக்கு எவ்வளவு பங்கோ, தேய்மானக் கணக்கில் கிடைத்த வரிச் சலுகைக்கும் அவ்வளவு பங்கு.

◆ டென்மார்க்கின் கோபன்ஹேகன் கடலில் நிற்கும் 20 காற்றாலைகளில் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரணப் பங்குதாரர்களின் கூட்டுறவுச் சொத்து.

◆ அவ்வளவு தூரம் போவானேன்? மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006ல் 1.55 கோடி ரூபாய்க்கு 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றே கடனைக் கட்டினார்கள். இத்தனைக்கும் அந்தக் காற்றாலை நிற்பது ஓடந்துறையில் இல்லை. காற்று நன்றாக வீசும் உடுமலைப் பக்கம்.