மொய் விருந்து முதல் பழைய பேப்பர் வரை... பள்ளிக்கூடத்துக்கு நிதி திரட்ட நம்ம ஊர் ஐடியாக்கள்!

'வர்ற வெள்ளிக்கிழமை பேரன்ட்ஸ் மீட்டிங்' என்று வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் வந்தாலே பாதிப் பேர் சைலன்ட் ஆகிவிடுவார்கள். காரணம் தெரிந்ததுதான். மீட்டிங் முடிவில் ஒரு நோட்டு சுற்றி வரும். பக்கத்து வீட்டுக்காரர் 500 எழுதியிருப்பார். நம்ம பர்ஸில் 200தான் இருக்கும். அடுத்த மீட்டிங்குக்கு நாம் போக மாட்டோம்.

அரசுப் பள்ளிக்கு எதற்கு நாம் பணம் தரணும் என்ற கேள்வி நியாயமானது. கட்டடம், கழிப்பறை, ஆசிரியர் இதெல்லாம் அரசின் கடமை. அதைக் கேட்டு வாங்கத்தான் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்கணும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்கணும். பள்ளிக்கு என்ன தேவை என்று திட்டம் போடுவதே இவர்கள் வேலைதான். ஆனா மின்விசிறி ரிப்பேர், நூலகத்துக்குப் புதுக் கதைப் புத்தகம், மாவட்டப் போட்டிக்குப் போகும் கபடி டீமுக்கு ஜெர்சி... இந்த மாதிரி சின்னச் செலவுக்கெல்லாம் ஃபைல் நகரும்வரை பிள்ளைங்க காத்திருக்க முடியாதே. அந்த இடத்தில்தான் ஊர்க்காசு உதவும்.

நிதி திரட்டுவது என்றதும் கூகுளில் தேடினால் கேக் விற்பனை, கார் கழுவுதல் என்று வெளிநாட்டு ஐடியாவாக வந்து விழும். நம்ம ஊரில் யார் காரை யார் கழுவுவது? இதைவிடப் பழைய, பலமான வழிகள் நம்மிடமே இருக்கு.

சீர்வரிசையைப் பள்ளிக்குத் திருப்புங்க

புதுக்கோட்டை, சிவகங்கை பக்கம் சில ஆண்டுகளாக 'கல்விச் சீர்' என்று ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. தாய்மாமன் சீர் கொண்டு போவது போலவே மேளதாளத்தோடு ஊர்வலம். தட்டில் பழம், தேங்காயோடு நோட்டு, பேனா, சுவர்க்கடிகாரம். பின்னால் பீரோ, நாற்காலி, ஃபேன், குடம். பள்ளி வாசலில் ஆசிரியர்கள் சந்தனம், குங்குமம் கொடுத்து வரவேற்பார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், பணமே கைமாறுவதில்லை என்பதுதான். பொருளாக வருவதால் 'காசு எங்கே போச்சு' என்ற பேச்சு எழாது. ஒரு டம்ளர் செட் கொண்டு வருபவரும் ஊர்வலத்தில் நடக்கலாம், பீரோ தருபவரும் நடக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: பட்டியல் போடாமல் இறங்கினால் 14 சுவர்க்கடிகாரம் வந்து சேரும். தலைமை ஆசிரியரிடம் உட்கார்ந்து தேவைப் பட்டியல் எழுதி, குரூப்பில் போட்டு, யார் எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்று டிக் அடித்துக்கொண்டே வாங்க.

இது நேற்று முளைத்த யோசனையும் இல்லை. காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில், பொதுக்கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் நிலமும் பொருளும் பணமும் அள்ளிக் கொடுத்தார்கள்.

மொய் எழுதலாம், ஆனா...

ஆடி மாதம் பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் போனால் மொய் விருந்து பேனர்தான் எங்கும். கறி விருந்து சாப்பிட்டு மொய் எழுதுவார்கள். அவரவர் விருந்து வைக்கும்போது அந்தப் பணம் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பி வரும். கிட்டத்தட்ட வட்டியில்லாக் கடன் மாதிரி. அதே பந்தலைப் பள்ளிக்குப் போடலாம். ஆனால் மொய் என்றாலே திருப்பிச் செய்யணும் என்பது ஊர் மனசில் ஊறிய கணக்கு. அதனால் 'இது திரும்பி வராத மொய்' என்று பத்திரிகையிலேயே அச்சடித்துவிடுங்க.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 300 பேருக்குச் சாதாரண சைவச் சாப்பாடு, இலைக்கு 80 ரூபாய் என்றால் செலவு 24,000. சராசரியாக 250 ரூபாய் மொய் விழுந்தால் வரவு 75,000. கையில் நிற்பது 51,000. அரிசியை ஒருவர், காய்கறியை ஒருவர், கேஸை ஒருவர் ஏற்றுக்கொண்டால் கையில் நிற்பது இன்னும் ஏறும். ஆட்டுக்கறி போட்டே ஆகணும் என்று யாராவது அடம்பிடித்தால், அந்தக் கறிச்செலவு அவருடையது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்க. சில்லறை இல்லை என்ற சாக்குக்கு இடமில்லாமல் மொய் மேஜையில் க்யூஆர் கோடு வையுங்க. அது தனி ஆளின் ஜிபே எண்ணாக இருக்கவே கூடாது. தலைவரும் தலைமை ஆசிரியரும் சேர்ந்து கையெழுத்துப் போடும் குழுவின் வங்கிக் கணக்கு மட்டும்தான்.

சுரைக்காய் ஏலம்

தென் மாவட்ட சர்ச்சுகளில் அறுப்பின் பண்டிகை பார்த்திருக்கீங்களா? வீட்டில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டு வருவார்கள், ஏலம் விடுவார்கள். ஒரு முருங்கைக்காய்க் கட்டு கடை விலையைவிடப் பல மடங்கு போகும். கோயில்களில் எலுமிச்சை ஏலமும் இதே கதைதான். பொருளுக்கு அல்ல, அந்தத் தருணத்துக்குத்தான் விலை. பள்ளித் தோட்டத்தில் காய்த்த முதல் சுரைக்காய், ஏழாம் வகுப்பு வரைந்த ஊர்க் கண்மாய் ஓவியம்... ஆண்டு விழா மேடையில் ஏலம் விட்டுப் பாருங்க. நல்ல குரல் உள்ள ஏலக்காரர் அமைந்தால் பாதி வேலை முடிந்தது.

அதே மேடையில் டோக்கன் விற்றுக் குலுக்கல் நடத்தும் ஆசை வரும். வேண்டாம். தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரிக்குத் தடை வந்தாச்சு. பிரஷர் குக்கர் பரிசு என்று சொல்லிச் சீட்டு விற்று, கடைசியில் ஸ்டேஷனில் விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாமே.

கூச்ச சுபாவம் உள்ள ஊருக்கு எளிமையானது பழைய பேப்பர்தான். 200 வீடு, வீட்டுக்கு 3 கிலோ என்றால் 600 கிலோ. கடைக்காரர் கிலோவுக்கு 12 ரூபாய் தந்தால் 7,200 ரூபாய். பெரிய தொகை இல்லை. ஆனா யாரும் பர்ஸைத் திறக்கவே இல்லை, பாருங்க.

'96' பேட்ச் வேலைக்கு ஆகுமா?

2018-ல் '96' படம் வந்த பிறகு ரீயூனியன் இல்லாத ஸ்கூலே இல்லை. ஹால் வாடகை, ஒரே கலர் டி-ஷர்ட், குரூப் போட்டோ, பிரியாணி. அந்தப் பட்ஜெட்டில் கால்வாசியைக் கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். 'பள்ளிக்கு உதவுங்க' என்று பொதுவாகக் கேட்காமல் '2006 பேட்ச், லேப் மேஜை ரெண்டு' என்று குறிப்பாகக் கேளுங்க. 2007 பேட்ச் சும்மா இருக்காது.

பெரிய தொகை என்றால் 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' தளம் இருக்கிறது. எந்தப் பள்ளிக்கு, எதற்கு என்று தேர்ந்தெடுத்தே அனுப்பலாம். சிங்கப்பூர் நண்பர் இன்னும் இந்திய பாஸ்போர்ட்டில் இருந்தால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அவர் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் குறுக்கே வரும். அப்போது குழுக் கணக்கில் நேரடியாக வாங்காமல் முதலில் விசாரித்துக்கொள்ளுங்க.

கணக்கும் கௌரவமும்

நிதி வந்த வாரமே வரவு செலவைப் பள்ளி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்க, பில் போட்டோவைக் குரூப்பில் போடுங்க. மிச்சம் 40 ரூபாய் என்றால் அதையும் எழுதுங்க. கொடுத்தவர் பெயரை மைக்கில் வாசிப்பதில் தப்பில்லை. கொடுக்காதவர் யார் என்று தெரிகிற மாதிரி எந்தப் பட்டியலும் வேண்டாம். பிள்ளைகள் கையில் ரசீதுப் புத்தகத்தைக் கொடுத்துத் தெருவில் அனுப்புவதை அடியோடு நிறுத்தணும். 100 நாள் வேலைக்குப் போகும் அம்மா 20 ரூபாய் கொடுத்தாலும், சமையலுக்கு ஒரு கை கொடுத்தாலும் அதுவும் பங்களிப்புதான். உழைப்பாக வந்ததற்கும் நோட்டில் ஒரு வரி ஒதுக்குங்க.

இன்னொன்று, ஃபேன் வாங்கித் தர ஆள் கிடைப்பார்கள், ஏன்னா அதன் இறக்கையில் பெயர் எழுதலாம். கழிப்பறை கழுவும் அக்காவுக்கு மாதச் சம்பளம் தர ஆள் கிடைப்பது கஷ்டம், அதில் 'உபயம்' எழுத இடமில்லை. அதனால் திரட்டும் ஒவ்வொரு தொகையிலும் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு என்று முதலிலேயே தீர்மானம் போட்டு எடுத்து வையுங்க. டியூப் லைட் வாங்கித் தருபவரிடம், பெயரைக் கொஞ்சம் சின்ன எழுத்தில் எழுதச் சொல்லுங்க... வெளிச்சமும் வரணும்ல!