வாழும்போதே பெரியவரா?

சென்ற வாரம் நம் வீட்டுக் கூடத்தில் ஒரு சிறு யுத்தம் நடந்தது. எட்டாம் வகுப்பில் படிக்கும் நம் வீட்டுக் குழந்தை, பள்ளிக்கூடத்தில் கொடுத்த பேச்சுப் போட்டித் தலைப்பு ஒன்றைக் கொண்டுவந்து, "இன்று உயிரோடு இருப்பவர்களில் உண்மையான பெரியவர் யார்?" என்று கேட்டதுதான் யுத்தத்துக்குக் காரணம்.

மாமா உடனே ஒரு கிரிக்கெட் வீரர் பெயரைச் சொன்னார். சித்தப்பா ஒரு சினிமா நட்சத்திரத்தின் பெயரைச் சொன்னார். அடுத்த வீட்டிலிருந்து பத்திரிகை வாங்க வந்தவர் ஓர் அரசியல் பிரமுகரின் பெயரைச் சொன்னார். ஒவ்வொருவரும் தம் கட்சிக்கு ஆதாரமாக எடுத்துக் காட்டியது ஒரே விஷயந்தான்: "அவருக்குப் பின்னால் எவ்வளவு ஜனங்கள் நிற்கிறார்கள், பாருங்கள்!"

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி, "உயிரோடு இருக்கிறவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதேயுங்கள். பாதி வெந்த சோற்றை யாராவது இலையில் பரிமாறுவார்களா?" என்றாள்.

"பரிமாற வேண்டாம், பாட்டி. ஆனால் பதம் பார்க்காமல் இருந்தால் குழைந்துவிடுமே!" என்றாள் குழந்தை.

பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவே எழுந்த இந்த வழக்கு அற்பமான வழக்கு அல்ல என்பது நம் அபிப்பிராயம்.

பாட்டியின் கட்சியிலே நியாயம் இல்லாமல் இல்லை. மனிதன் எந்த நிமிஷத்திலும் வழுக்கி விழக்கூடியவன். நேற்று மாலை சூட்டியவருக்கு இன்று வேறு மாதிரி மரியாதை செய்யவேண்டிய சங்கடம் நமக்கெல்லாம் ஏற்பட்டிருக்கிறது. ஆனால் இந்தக் கட்சியை முழுவதும் ஒப்புக்கொண்டால் என்ன ஆகும்? வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியை எதிர்த்து 1906-ம் வருஷத்தில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்த வ.உ.சிதம்பரம் பிள்ளை, 1912-ல் சிறையிலிருந்து விடுதலையான பிறகு, ஜீவனத்துக்காகச் சென்னையிலே மளிகைக் கடை வைக்க நேர்ந்தது. 1921-ல் பாரதியாரின் இறுதி ஊர்வலத்தில் நடந்தவர்கள் ஒரு சிலரே. பிற்பாடு இருவருக்கும் சிலைகளும் மண்டபங்களும் எழுந்தன. அவற்றால் அவர்களுடைய அடுப்பு எரியவில்லை. இன்னும் விசித்திரம் ஒன்று உண்டு. 1948-ல் நோபல் குழுவினர் சமாதானப் பரிசை எவருக்கும் அளிக்காமல், உயிரோடு இருப்பவர்களில் தகுந்தவர் இல்லை என்று காரணம் சொன்னார்கள். அந்த வருஷம் ஜனவரி 30-ந் தேதி வரையில் தகுந்த ஒருவர் உயிரோடு இருந்தார் என்பதை உலகம் அறியும். 1937 முதல் பல முறை அவர் பெயர் பிரேரேபிக்கப்பட்டும் பரிசு அளிக்கப்படவில்லை.

மாமா, சித்தப்பாவின் கட்சி இதற்கு நேர் விரோதமானது. கூட்டத்தை எண்ணிப் பெருமையை நிறுக்கும் கட்சி அது. இதிலுள்ள அபாயத்தை டாக்டர் அம்பேத்கரைவிடத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் இல்லை. 1949 நவம்பர் 25-ந் தேதி அரசியல் நிர்ணய சபையிலே பேசியபோது, மதத்தில் பக்தி ஆத்மாவுக்கு வழி காட்டலாம், அரசியலில் பக்தியோ சீரழிவுக்கும் முடிவில் சர்வாதிகாரத்துக்குமே வழி காட்டும் என்று அவர் எச்சரித்தார். அதற்கு ஆறு வருஷங்களுக்கு முன்பு, 1943-ல், பூனாவில் ரானடேயின் ஜன்ம தின விழாவிலும் அவர் இதே பிரச்னையை ஆராய்ந்தார். அறிவும் நேர்மையும் ஒருவரைப் பிரமுகர் ஆக்கலாம். ஆனால் சமூகத்தின் அழுக்கைப் போக்கும் நோக்கம் ஒன்று உள்ளே நின்று இயக்கினாலன்றி அவர் பெரியவர் ஆகமாட்டார் என்பது அவருடைய சித்தாந்தம். ஒருவரை மனமார வியப்பது வேறு, அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவது வேறு என்றும் அவர் பிரித்துக் காட்டினார். காந்தி, ஜின்னா இருவரும் கீர்த்தியின் உச்சியில் இருந்த காலத்திலேயே, இருவரையும் பெயர் சொல்லிக் கண்டித்த பேச்சு அது. அவர் கண்டனம் முழுவதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் வாழும் பெரியவர்களைப் பற்றி வாழும்போதே வாதம் செய்யலாம் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

அப்படியானால் பதம் பார்ப்பது எப்படி? குழந்தைக்கு நாம் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தோம்.

முதற்கேள்வி: கைதட்டல் கிடைக்குமுன் அவர் என்ன செய்தார்? பூனாவிலே கணித ஆசிரியராக இருந்த தோண்டோ கேசவ கார்வே, 1893-ல் ஒரு விதவையை மறுமணம் செய்துகொண்டார். சொந்த ஊரான முருடில் அவரை ஜாதிப் பிரஷ்டம் செய்தார்கள். அவர் வாதத்துக்குப் போகவில்லை. விதவைகளுக்காக ஓர் ஆசிரமத்தை ஏற்படுத்தினார். 1916-ல் பெண்களுக்கென்று ஒரு சர்வகலாசாலையையே ஆரம்பித்தார். 1958-ல், அவருடைய நூறாவது பிராயத்திலே, தேசம் அவருக்குப் 'பாரத ரத்னா' விருது அளித்து, தபால் தலையும் வெளியிட்டது. பிரஷ்டத்துக்கும் விருதுக்கும் நடுவே அறுபத்தைந்து வருஷங்கள்! அந்த விருது இல்லாவிட்டாலும் கார்வே பெரியவர்தான். 1893-லேயே பெரியவர்தான். பார்க்கக் கண் உள்ளவர்கள் மட்டும் அன்று குறைவாக இருந்தார்கள்.

இரண்டாங்கேள்வி: தம் பிழையைத் தாமே காண்கிறாரா? 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் ஜனக்கூட்டம் போலீஸ் நிலையத்துக்குத் தீ வைத்துக் காவலர்களைக் கொன்றபோது, மகாத்மா தேசமெங்கும் பொங்கியெழுந்த இயக்கத்தையே நிறுத்திவிட்டார். சிறையிலிருந்த சகாக்களே மனம் கசந்தார்கள். மறு மாதம் அவரும் சிறைக்குப் போனார். 1937-ல் கல்கத்தாவின் 'மாடர்ன் ரிவியூ' பத்திரிகையில் 'சாணக்கியன்' என்ற பெயரோடு ஒரு கட்டுரை வந்தது. ஜவாஹர்லாலின் கர்வத்தையும் ஜனங்களிடம் அவருக்குள்ள செல்வாக்கையும் எடுத்துக்காட்டி, இவர் சர்வாதிகாரி ஆகிவிடலாம், மறுபடியும் காங்கிரஸ் தலைவராகத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று அது எச்சரித்தது. எழுதியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சாக்ஷாத் ஜவாஹர்லாலேதான்!

இந்த இடத்தில் குழந்தை குறுக்கிட்டாள். "தன்னைத் தானே திட்டிக்கொண்டால் பெரியவர் ஆகிவிடலாமா? அது சுலபந்தானே?" என்றாள். சரியான கேள்வி. பணிவும் ஒரு வேஷமாக இருக்கக் கூடும். பிழையை ஒப்புக்கொண்டதனால் அவருக்கு ஏதாவது நஷ்டம் உண்டாயிற்றா என்று பார்க்கவேண்டும். நஷ்டம் இல்லாத ஒப்புதல் வெறும் மேடைப் பேச்சு. பிறர் கண்டிக்கும்போது காது கொடுக்கிறாரா என்பதையும் பார்க்கவேண்டும். இடித்துச் சொல்லும் துணை இல்லாத அரசனை அழிக்கப் பகைவர் வேண்டியதில்லை என்பது வள்ளுவர் கருத்து. பெரியாரைத் துணையாகக் கொள்வதற்கு அவர் தனி அதிகாரமே வகுத்திருக்கிறார்.

மூன்றாங்கேள்வி: நாற்காலியிலிருந்து இறங்கினால் என்ன மிஞ்சும்? காமராஜர் ஒன்பது வருஷங்களுக்கு மேல் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்து, 1963 அக்டோபரில், கட்சிப் பணிக்காகத் தாமே பதவியை விட்டு இறங்கினார். நான்கு வருஷங்களுக்குப் பிறகு சொந்த ஊரான விருதுநகரிலேயே தேர்தலில் தோற்றார். ஆனால் அவர் காலத்தில் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு சாப்பிட்டுப் படித்த குழந்தைகள் படித்தது படித்ததுதானே? அதை எந்தத் தேர்தல் திருப்பி வாங்க முடியும்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. அவர் 1968-ல் காலமானார். அடுத்த வருஷம் அது மூடப்படவில்லை. டாக்டர் சாந்தா முதலியோர் கையில் அது மேலும் வளர்ந்தது. தம்மை அவசியம் இல்லாதவராகச் செய்துகொள்ளத் தெரிந்தவரே உண்மையான ஊழியர்.

இந்த மூன்று கேள்விகளிலே எதுவும் கூட்டத்தைப் பற்றியது அல்ல என்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம். மூன்றிலும் தேறுகிறவர் தவறே செய்யாதவர் என்றும் அர்த்தமில்லை. நாம் மேலே சொன்ன எல்லோருமே தவறு செய்தவர்கள்தாம். ஆகையால் வாழும் பெரியவருக்கு நாம் கொடுக்கும் பட்டம் பட்டயத்தில் பொறித்த சாசனமாக இருக்கவேண்டாம். வருஷந்தோறும் புதுப்பிக்கவேண்டிய லைசென்ஸாக இருந்தால் போதும். அவருக்கு அது நல்லது; நமக்கு அதைவிட நல்லது. ஏனென்றால், யாரைப் பெரியவர் என்று வீட்டிலே பேசிக்கொள்கிறோமோ அவரைப் போலத்தான் குழந்தைகள் ஆகப் பார்க்கிறார்கள். கூட்டமே பெருமை என்று கேட்டு வளரும் குழந்தை கூட்டத்தைத் தேடிக்கொண்டு போகும். பிறகு அதைக் கோபித்துப் பயன் என்ன?

கடைசியில் குழந்தை தன் பேச்சுக்கு யாரைத் தேர்ந்தெடுத்தாள் என்று அறிய விரும்புவீர்கள். பத்திரிகையில் படம் வராத ஒருவரை அவள் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அவளுடைய பள்ளிக்கூடத்திலேயே இருபது வருஷங்களாக வேலை பார்க்கும் ஓர் ஆசிரியை அவர். பாடம் வராத பிள்ளைகளை மாலையில் நிறுத்தி, காசு வாங்காமல் சொல்லிக் கொடுக்கிறவர். கரும்பலகையில் தாம் தவறாகப் போட்ட கணக்கைப் பிள்ளைகள் சுட்டிக்காட்டினால், அதை அழித்துவிட்டு, "நல்ல வேளை, பார்த்தாய்" என்கிறவர்.

"இவரை யாருக்குத் தெரியும்? பரிசு கிடைக்காதே!" என்றார் மாமா.

பாட்டி மட்டும் குழந்தையை அருகில் அழைத்து, பேச்சை முதலிலிருந்து ஒரு தடவை படித்துக் காட்டச் சொன்னாள். கேட்டு முடித்துவிட்டு, "ஹும், வெந்துதான் இருக்கிறது" என்றாள்.