சால்டன் ஏரியில் அடையும் பறவைகள்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்துத் தென்கிழக்கில், கடல்மட்டத்திற்குச் சுமார் 70 மீட்டர் கீழே, பாலைவனப் பள்ளத்தில் தேங்கிக் கிடக்கும் சால்டன் ஏரியில் குளிர்கால மாலைப்பொழுதுகளில் பறவைகள் வந்து அடைவதைக் கவனித்தால், நீர்ப்பறவைகள் இரவைக் கழிக்க எதைத் தேடுகின்றன என்பது தெளிவாக விளங்கும். இம்பீரியல் பள்ளத்தாக்கில் நீர் பாய்ச்சிய குதிரைமசால் வயல்களில் பகலெல்லாம் புழு பூச்சிகளைப் பொறுக்கிய உண்ணிக்கொக்குகளும் அரிவாள்மூக்கன்களும் பொழுது சாயத் தொடங்கியதும் வரிசை வரிசையாக எழுந்து ஏரிப்பக்கம் திரும்புகின்றன. நீருக்குள் பட்டுப்போய் நிற்கும் மரங்களில் நீர்க்காகங்கள் அடைய, கூழைக்கடாக்கள் மணல்திட்டுகளில் நெருங்கி அமர்கின்றன.

பட்ட மரமோ திட்டோ ஆழமற்ற நீரோ, எதுவாயினும் இவ்விடங்கள் எல்லாவற்றையும் சுற்றி நீர் இருக்கிறது. கயோட்டி எனப்படும், ஓநாய்க்கு நெருங்கிய உறவான வேட்டை விலங்கு இருளில் நெருங்க வேண்டுமானால் நீரில் இறங்கியாக வேண்டும். இறங்கினால் எழும் சலசலப்பே பறவைகளை எழுப்பிவிடும். அந்நீர் கோட்டையைச் சூழ்ந்த அகழியின் வேலையைச் செய்கிறது. குளிர்ந்த நீரில் இரவு முழுவதும் நின்றாலும் பறவையின் உடல்வெப்பம் பெரிதாக வெளியேறுவதில்லை. காலுக்கு இறங்கும் தமனியின் சூடான இரத்தம், அதை ஒட்டியே மேலேறும் சிரையின் குளிர்ந்த இரத்தத்திற்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிடுகிறது. இதை எதிரோட்ட வெப்பப் பரிமாற்றம் என்பர். கூட்டமாக அடைவதற்குப் பாதுகாப்போடு வேறொரு காரணமும் உண்டு என்று 1973-இல் வார்டு, சஹாவி என்னும் இரு ஆய்வாளர்கள் வாதிட்டனர்: முந்தைய நாள் இரை கிடைக்காத பறவை, மறுநாள் காலையில் நல்ல இடம் அறிந்த பறவையைப் பின்தொடரலாம் என்பது அவர்கள் கருத்து. அது எல்லா இனங்களுக்கும் பொருந்துமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

இவ்வளவுக்கும் இன்றுள்ள ஏரி ஒரு விபத்தால் பிறந்தது. 1905-இல் கொலராடோ ஆறு பாசனக் கால்வாயின் வெட்டுவாயை உடைத்துக்கொண்டு பள்ளத்துக்குள் பாய்ந்தது. உடைப்பை 1907-இல்தான் அடைக்க முடிந்தது. அதன்பின் வயல்களின் கழிவுநீரே ஏரியை வாழவைத்தது. வெளியேற வழியில்லாத நீர் ஆவியாகி உப்பு மட்டும் எஞ்சியதாலும், வேளாண்மைக்குரிய நீரில் ஒரு பகுதி 2003-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி நகரங்களுக்குத் திருப்பப்பட்டதாலும், இன்று அதன் உப்புத்தன்மை கடல்நீரைப்போல் சுமார் இருமடங்காகியுள்ளது. கூழைக்கடாக்களுக்கு இரையான திலாப்பியா மீன்கள், நம் சந்தைகளில் ஜிலேபி என விற்கப்படும் அதே மீன்கள், பெருமளவு அழிந்துவிட்டன.

இரையைவிடக் குறைவாகவே பேசப்படும் இழப்பு அடையும் இடத்தின் இழப்பாகும். ஏரியின் தெற்கிலுள்ள முல்லெட் தீவு என்னும் எரிமலைக் குன்றில் ஆயிரக்கணக்கான நீர்க்காகங்கள் கூடு கட்டிவந்தன. நீர் பின்வாங்கி அத்தீவு கரையோடு இணைந்ததும் வேட்டை விலங்குகள் நடந்தே அங்குச் செல்ல முடிந்தது. நீர்க்காகங்கள் அவ்விடத்தைக் கைவிட்டன. எனவேதான் நியூ ஆற்றின் முகத்துவாரத்தில் மாநில அரசு அமைத்துவரும் ஆழமற்ற குளங்களில் மீனுக்கான நீரோடு, நாற்புறமும் நீர் சூழ்ந்த சிறு தீவுகளும் இடம்பெறுகின்றன.