பழைய லேப்டாப்: ரிப்பேரா, லினக்ஸா, புதுசா? காசு செலவு பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

பட்டனை அழுத்திட்டு, அடுப்படிக்குப் போய் டீ போட்டு எடுத்துட்டு வந்தாலும் லேப்டாப் திரையில் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கா? கடைக்குக் கொண்டுபோனால், "இது ரொம்ப பழசு சார், இதுக்கு செலவு பண்ணி பிரயோஜனம் இல்லை, புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள். பக்கத்து வீட்டுத் தம்பியோ, "அண்ணா, லினக்ஸ் போடுங்க, பறக்கும்" என்கிறார். போதாக்குறைக்கு, விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு வேறு.

இதில் யார் சொல்வதைக் கேட்பது? ரெண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம், ரெண்டுமே தப்பாகவும் இருக்கலாம். ஏனென்றால் லேப்டாப்புக்கு வயசாகிவிட்டது என்று நாம் சொல்லும்போது, மூன்று தனித்தனி பிரச்னைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். வேகம் குறைவது ஒன்று. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோவது இன்னொன்று. நமக்குத் தேவையான மென்பொருள் அதில் ஓடுமா என்பது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு, செலவும் வேறு.

புரிவதற்காக ஒரு வீட்டை உதாரணமாக எடுத்துக்குவோம். 2017-ல் வாங்கிய லேப்டாப். ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசஸர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். மகள் கல்லூரியில் கடைசி வருஷம், புராஜெக்ட் எல்லாம் அதில்தான். அப்பாவுக்குச் சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை, ராத்திரியில் டேலியில் கணக்குப் போடுவதும் அதே லேப்டாப்பில்தான். புது லேப்டாப் வாங்கினால் ஒரு செமஸ்டர் ஃபீஸ் காலி. இவர்கள் என்ன செய்யலாம்?

முதல் வேலை: பேக்கப்

ரிப்பேரோ, புதுசோ, எதுவாக இருந்தாலும் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இது. போட்டோ, சர்டிஃபிகேட் ஸ்கேன், புராஜெக்ட், கணக்கு எல்லாவற்றையும் ஒரு வெளி டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ காப்பி எடுங்க. முக்கியமானதை மட்டும் கூகுள் டிரைவ் மாதிரி ஆன்லைனிலும் போட்டு வைங்க. காப்பி எடுத்த ஃபைலைத் திறந்து பார்த்து, சரியாக இருக்கா என்று உறுதி செய்யுங்க.

ஹார்ட் டிஸ்க் சாகும்போது சொல்லிவிட்டுப் போகாது. லேப்டாப்பை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். போன ஃபைலை மீட்பது ரொம்ப செலவு பிடிக்கும் வேலை, சில நேரம் முடியாமலும் போகும்.

வேகம் எங்கே மாட்டுது?

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டனையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனால் சிபியு, மெமரி, டிஸ்க் என்று தனித்தனியாகத் தெரியும். லேப்டாப் திணறும் நேரத்தில் எது 100 சதவீதத்தைத் தொட்டு நிற்கிறது என்று பாருங்க.

பழைய லேப்டாப்களில் பெரும்பாலும் மாட்டுவது டிஸ்க்தான். ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே தட்டு சுற்றும், ஒரு முள் நகர்ந்து நகர்ந்து ஃபைலைத் தேடும். பரணில் இருக்கும் சாமானை ஒவ்வொன்றாக ஏணி போட்டு ஏறி எடுத்து வருவது மாதிரி. எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது, எல்லாம் கை எட்டும் தூரத்தில் இருப்பது மாதிரி. ஹார்ட் டிஸ்க் வினாடிக்குச் சுமார் 100 எம்பி படிக்கும் என்றால், சாதாரண சாட்டா எஸ்எஸ்டி சுமார் 500 எம்பி படிக்கும். சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி எடுப்பதில் வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு. லேப்டாப் ஆன் ஆகும்போது நடப்பது அந்த வேலைதான்.

அதனால் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டாலே பல லேப்டாப்கள் வேறு மெஷின் மாதிரி ஆகிவிடும். மெமரி எப்போதும் நிரம்பி வழிகிறது என்றால் 4 ஜிபியை 8 ஜிபி ஆக்குவது அடுத்த படி. ஆனால் சில மெல்லிய லேப்டாப்களில் ரேமை போர்டிலேயே ஒட்டியிருப்பார்கள், மாற்ற முடியாது. மாடல் நம்பரைச் சொல்லி, ரேம் ஸ்லாட் இருக்கா என்று முதலில் கேட்டுக்கோங்க.

இன்னொரு விஷயம். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால், 2025 கடைசியில் இருந்து ரேம், எஸ்எஸ்டி விலை ஏறியது. பழைய விலையை மனசில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகாமல், ரெண்டு மூணு இடத்தில் விசாரிங்க.

எந்த ரிப்பேருக்குச் செலவு பண்ணலாம்?

எஸ்எஸ்டி, ரேம், பேட்டரி, கீபோர்டு, ஃபேன் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றுவது, இதெல்லாம் பொதுவாகக் கொடுத்த காசுக்குப் பலன் தரும் வேலைகள். புது எஸ்எஸ்டியை நாளைக்கு வேறு லேப்டாப்புக்கும் மாற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு. கழற்றிய ஹார்ட் டிஸ்க் நன்றாக இருந்தால், ஒரு கேஸ் வாங்கிப் போட்டு வெளி டிஸ்க்காகப் பயன்படுத்தலாம்.

மதர்போர்டு போனால் யோசிக்கணும். போர்டில் ஒரு சிப்பை மாற்றி ஓட வைத்தாலும், எத்தனை நாள் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் கம்மி. டிஸ்ப்ளே, கீல், பேட்டரி என்று மூன்று நான்கு சேர்ந்து போயிருந்தாலும் அதே கதைதான்.

கணக்குப் போட ஒரு எளிய வழி இருக்கு. புதுசின் விலை 40,000 ரூபாய், ரிப்பேர் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புதுசு 5 வருஷம் ஓடினால் வருஷத்துக்கு 8,000 ரூபாய். அப்படியானால் ரிப்பேர் செய்த லேப்டாப் ஒரு வருஷம் தாண்டி ஓடினாலே நமக்கு லாபம். இதே கணக்கில் உங்க கடைக்காரர் சொன்ன தொகையைப் போட்டுப் பாருங்க, விடை தானாக வரும்.

ஒரு எச்சரிக்கை: டச்பேடு மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ, அடிப்பக்கம் உப்பினாலோ அது பேட்டரி வீங்கியதற்கான அறிகுறி. உடனே ஆஃப் பண்ணுங்க, சார்ஜ் போடாதீங்க, அழுத்தவோ குத்தவோ கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கு. மற்ற முடிவெல்லாம் அதை மாற்றிய பிறகுதான்.

விண்டோஸ் 10: ஆதரவு முடிந்தால் என்ன ஆகும்?

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதற்காக லேப்டாப் மறுநாள் ஆஃப் ஆகிவிடாது, பழையபடி ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் வராது. வீட்டுக் கதவின் பூட்டு உடைந்தும் மாற்றாமல் விட்ட மாதிரிதான். நெட் பேங்கிங், பான், ஆதார் வேலைகளை அதே லேப்டாப்பில் பார்க்கிறீர்கள் என்றால் இது சின்ன விஷயம் இல்லை.

வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் தரும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து, செட்டிங்ஸை ஆன்லைனில் பேக்கப் எடுக்க ஒப்புக்கொண்டால் இலவசம். இல்லையென்றால் 1,000 ரிவார்ட்ஸ் பாயிண்டோ, 30 டாலரோ கொடுக்கணும். இது யோசிக்கக் கிடைத்த அவகாசம், நிரந்தரத் தீர்வு இல்லை.

இயங்குதளத்துக்கு ஆதரவு முடிந்தால், நாளடைவில் மற்ற மென்பொருட்களும் கையை விரித்துவிடும். விண்டோஸ் 7, 8.1 லேப்டாப்களுக்குக் கூகுள் குரோம் புது வெர்ஷன் தருவது 2023 தொடக்கத்தோடு நின்றுபோனது நினைவிருக்கலாம்.

சரி, விண்டோஸ் 11 போட முடியுமா? அதற்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், செக்யூர் பூட், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி எல்லாம் வேணும். இன்டெல் என்றால் ஒரு சில விதிவிலக்குகள் தவிர எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் தேவை. ஐ5-8250 என்று இருந்தால் கோட்டுக்குப் பின் வரும் 8 தான் தலைமுறை. மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலியை இன்ஸ்டால் செய்தால், உங்க லேப்டாப் தேறுமா என்று அதுவே சொல்லிவிடும்.

தகுதி இல்லாத லேப்டாப்பிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுத் தரும் கடைகள் உண்டு. ஆனால் அப்படிப் போட்டால் அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. எந்த அப்டேட்டுக்காக மாறுகிறோமோ, அதுவே சந்தேகம் என்றால் எதற்கு மாறணும்?

லினக்ஸ்: யாருக்கு சரி, யாருக்கு சரிவராது?

லினக்ஸ் நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. தமிழக அரசின் விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. பக்கத்து மாநிலமான கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கம்ப்யூட்டர் வகுப்பே லினக்ஸில்தான் நடக்கிறது.

விண்டோஸ் பழகிய கைக்கு லினக்ஸ் மின்ட் எளிதாக இருக்கும். இலவசம். குறைந்தது 2 ஜிபி ரேம் கேட்கும், 4 ஜிபி இருந்தால் வசதி. பாதுகாப்பு அப்டேட்டும் வரும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ஓடுவதால் யூடியூப், மெயில், நெட் பேங்கிங், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் பிரவுசரிலேயே முடிந்துவிடும். வேர்டு, எக்ஸெலுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ் இருக்கு. தமிழ்99 கீபோர்டும் அதில் வைத்துக்கொள்ளலாம்.

சிக்கல் எங்கே வரும்? டேலி, ஃபோட்டோஷாப், பேஜ்மேக்கர் எல்லாம் லினக்ஸுக்காக எழுதப்பட்டவை இல்லை. வானவில் மாதிரி பழைய முறையில் டைப் செய்யும் டிடிபி கடைக்காரர்களுக்கு மாற்றம் கஷ்டம். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பழைய பிரின்டர், ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் அவை லினக்ஸில் வேலை செய்யுமா என்று முதலில் பார்க்கணும். லிப்ரே ஆபீஸில் திறக்கும்போது சில வேர்டு ஃபைல்களின் அமைப்பு கொஞ்சம் கலையவும் செய்யும்.

நல்ல விஷயம் என்னவென்றால், இன்ஸ்டால் செய்யாமலே முயற்சி பண்ணலாம். 8 ஜிபி பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பை ஆன் பண்ணுங்க. வைஃபை, சவுண்ட், கேமரா, பிரின்டர் எல்லாம் வேலை செய்யுதா என்று ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்க. பிடிக்கவில்லையா? பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். ஆனால் 'இன்ஸ்டால்' பட்டனை மட்டும் பேக்கப் எடுக்காமல் தொடாதீங்க.

வெறும் பிரவுசர் மட்டும் போதும் என்பவர்களுக்குக் கூகுளின் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் இன்னொரு இலவச வழி. 4 ஜிபி ரேம் போதும். ஆனால் ஆண்ட்ராய்டு ஆப்களை அதில் இன்ஸ்டால் பண்ண முடியாது.

மேக்குக்கு மாறலாமா?

மாறலாம், ஆனால் வாங்கும்போதே யோசித்து வாங்கணும். இப்போதைய மேக்புக்குகளில் ரேமைப் பிறகு கூட்ட முடியாது. விண்டோஸ் மென்பொருளை நம்பித் தொழில் செய்பவருக்கு இதிலும் அதே சிக்கல் வரும். விலை குறைவு என்று செகண்ட் ஹேண்டில் இன்டெல் மேக்புக் வாங்குபவர்கள் கவனிங்க: இன்டெல் சிப் உள்ள மேக்குகளுக்கு வரும் கடைசி பெரிய வெர்ஷன் 'டஹோ'தான் என்று 2025-ல் ஆப்பிள் அறிவித்துவிட்டது. அதுவும் எல்லா இன்டெல் மாடலுக்கும் வராது.

அந்த வீட்டுக்கு என்ன பதில்?

நம்ம உதாரணத்துக்கு வருவோம். ஏழாம் தலைமுறை ஐ3 என்பதால் விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை. ஆனால் மெஷின் சாகவில்லை.

மகளுக்கு மட்டும் என்றால், எஸ்எஸ்டி, கூட ஒரு 4 ஜிபி ரேம், லினக்ஸ் மின்ட், இது போதும். புராஜெக்ட் ரிப்போர்ட், பிரசன்டேஷன், ஆன்லைன் வகுப்பு எல்லாம் தாராளமாக நடக்கும். கல்லூரியில் ஏதாவது குறிப்பிட்ட மென்பொருள் கேட்கிறார்களா என்று மட்டும் முதலில் விசாரிக்கணும்.

அப்பாவின் கணக்குக்கு விண்டோஸ் தேவை. கூடுதல் அப்டேட் திட்டம் இருக்கும் வரை அதில் சமாளிக்கலாம். அதற்குப் பிறகு கடைக்கென்று விண்டோஸ் 11 ஓடும் மெஷின் ஒன்று வேண்டியிருக்கும். அது புது லேப்டாப்பாகத்தான் இருக்கணும் என்று கட்டாயம் இல்லை. பில், வாரன்டியோடு கிடைக்கும் எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட ரீஃபர்பிஷ்டு டெஸ்க்டாப்பே கணக்கு வேலைக்குப் போதும். பழைய லேப்டாப் முழுசாக மகளுக்கு.

கடையில் கொடுக்கும் முன்

என்ன வேலை, எவ்வளவு செலவு என்று எழுதி வாங்கிக்கோங்க. மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்க. மெயில், பேங்க் பாஸ்வேர்டு எல்லாம் பிரவுசரில் சேமித்து வைத்திருந்தால் லாக் அவுட் பண்ணிட்டு கொடுங்க.

லேப்டாப்பை விற்கவோ, இ-வேஸ்ட்டில் போடவோ முடிவு செய்தால், டிஸ்க்கை முழுசாக அழித்துவிட்டுக் கொடுங்க. டெலீட் பண்ணி ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தால் மட்டும் ஃபைல் போய்விடாது, மீட்டெடுக்க வழி இருக்கு. குப்பைத் தொட்டியில் போடாமல், இ-வேஸ்ட் வாங்கும் அங்கீகாரம் பெற்ற இடத்தில் ஒப்படையுங்க.

அடுத்த தடவை கடைக்காரர் "இது பழசு சார்" என்றால், "எந்தப் பாகம் போயிருக்கு, மாத்தினா எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் கேளுங்க. அந்தப் பதிலையும், உங்களுக்கு விட முடியாத மென்பொருள் எது என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, அப்புறம் பர்ஸைத் திறங்க.