ஏரி பெயர் தந்த ஊர்

ஊருக்காக ஏரி வெட்டுவது நாம் அறிந்த வழக்கம். ஏரிக்காக ஓர் ஊரையே பெயர்த்து மேட்டில் வைத்த வரலாற்றை இங்கே காண்போம். அவ்வூர் பிரான்ஸ் நாட்டின் தென்கிழக்கில், ஆல்ப்ஸ் மலைகளுக்கிடையே உள்ளது. சவின்-லெ-லாக் என்பது அதன் பெயர். 'ஏரிக்கரைச் சவின்' என்று நாம் அதனைத் தமிழில் சொல்லலாம். பிரான்ஸில் ஆட்சியின் கடைசிப் படியாகிய உள்ளூர் அமைப்புக்குக் கம்யூன் என்று பெயர். நம் கிராமப் பஞ்சாயத்தை ஒருவாறு அதற்கு ஒப்பிடலாம். சவின் ஏறத்தாழ ஆயிரம் மக்களே வாழும் சிறு கம்யூன்.

1961-ஆம் ஆண்டுக்கு முன் அந்த ஊரின் பெயரில் ஏரி என்ற சொல் இல்லை; ஊருக்கு அருகே ஏரியும் இல்லை. பள்ளத்தாக்கின் அடியில் டூரான்ஸ் ஆறு ஓடிற்று. ஆல்ப்ஸ் மலைப் பனி உருகும்போது பெருகுவதும், கோடையின் இறுதியில் வற்றி மெலிவதும் அவ்வாற்றின் இயல்பு. ஆற்றின் கீழ்ப்பகுதியாகிய ப்ரொவான்ஸ் நாட்டிலே ஒரு பழமொழி வழங்கிற்று. அந்நாட்டின் பீடைகள் மூன்று. எக்ஸ் நகரத்து நீதிமன்றம் ஒன்று, மிஸ்திரால் என்னும் வடகாற்று மற்றொன்று, டூரான்ஸ் ஆறு மூன்றாவது என்பது அதன் கருத்து. 1843-லும் 1856-லும் வந்த பெருவெள்ளங்களை எண்ணினால் அப்பழமொழி மிகையன்று என்று தோன்றும்.

இவ்வாற்றை அடக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த வெள்ளங்களுக்குப் பின்னரே பிறந்தது. ஆறு குறுகிப் பாயும் ஸெர்-பொன்சோன் என்னுமிடம் அணைக்கு ஏற்றதாகக் காணப்பட்டது. ஆனால் ஆற்றுப் படுகையைத் துளைத்துப் பார்த்தபோது, கெட்டியான பாறை எளிதில் அகப்படவில்லை. சுமார் நூறு மீட்டர் ஆழத்துக்கு வெறும் கூழாங்கல்லும் மணலும் வண்டலுமே கிடந்தன. அதன்மேல் கான்கிரீட் சுவர் எழுப்ப இயலாது. ஆகவே திட்டம் பல ஆண்டுகள் ஏட்டிலேயே தங்கிவிட்டது.

அந்த முடிச்சை அவிழ்த்தது மண்தான். நடுவிலே நீர் புகாத களிமண் நெஞ்சு, அதன் இருபுறமும் கல்லும் மண்ணும் கொண்ட பெருங்கரை, அடியிலுள்ள வண்டலுக்குள் களிமண்ணும் சிமெண்டும் கலந்த குழம்பைச் செலுத்தி உண்டாக்கிய திரை ஆகிய மூன்றும் சேர்ந்து அணையாயின. ஏரிக்கரையின் தத்துவமேதான் இது; அளவுதான் மலைக்கத் தக்கது. கரையின் உயரம் சுமார் 123 மீட்டர். அதில் கொட்டிய மண்ணும் கல்லும் சுமார் 1 கோடியே 40 லட்சம் கன மீட்டர். 1955 ஜனவரியில் சட்டம் நிறைவேறியது; 1959 இறுதியில் நீர் தேங்கத் தொடங்கியது; 1961-ல் நீர்த்தேக்கம் நிரம்பியது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 127 கோடி கன மீட்டர். பரப்பு சுமார் 28 சதுர கிலோமீட்டர்.

இனி இந்தப் பரப்புக்குள் அகப்பட்டவற்றைக் காண்போம். பழைய சவின் அதற்குள் இருந்தது. கிளையாற்றின் பள்ளத்தாக்கிலிருந்த உபாயி என்ற சிற்றூரும் அவ்வாறே. வயல்கள், பழத்தோட்டங்கள், சாலைகள், இருப்புப்பாதையின் ஒரு பகுதி ஆகிய யாவும் நீருக்குரியவை ஆயின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். நீர் ஏறுமுன் வீடுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. உபாயி மீண்டும் எழவில்லை. அதன் நிலப்பகுதி அண்டை ஊராகிய லோஸேயுடன் இணைந்தது. சவினோ மேட்டுச் சரிவில் புதிதாகக் கட்டப்பட்டது. புதிய வீடுகளும் கான்கிரீட்டால் அமைந்த புதிய மாதாகோயிலும் தோன்றின. இரு கரைகளையும் இணைக்க 924 மீட்டர் நீளமுள்ள பாலம் எழுந்தது. ஊர் தன் பெயரோடு ஏரியையும் சேர்த்துக்கொண்டது.

நஷ்ட ஈடு கொடுத்தனர் என்பது உண்மை. எனினும் தாத்தா நட்ட மரத்துக்கும், தினமும் நடந்த தெருவுக்கும் என்ன விலை மதிப்பது? வெள்ளம் தணிந்தது, மின்சாரம் பெருகியது, ப்ரொவான்ஸின் வயல்கள் விளைந்தன. இந்நன்மைகள் பெரும்பாலும் கீழ்நாட்டுக்குச் சென்றன. இழப்பு மேல்நாட்டில் நின்றது. அணைகள் எழும் இடங்களில் எல்லாம் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இதுவே.

ஆயினும் சவின் மக்கள் துயரத்திலேயே தங்கிவிடவில்லை. கோடையிலே நீராடவும் படகு செலுத்தவும் வருவோரைக் கொண்டு புதிய பிழைப்பைத் தேடிக்கொண்டனர். இப்பிழைப்போ நீர்மட்டத்தைப் பொறுத்தது. குளிர்காலத்தில் மின்சாரத்துக்காக நீர் இறங்கும். வசந்தத்தில் பனி உருகி மீண்டும் ஏறும். உழவுக்கென 20 கோடி கன மீட்டர் முன்னரே ஒதுக்கப்பட்டிருக்கிறது. மின்சாரம், பாசனம், கரையூர்களின் வாழ்வு என்ற மூன்றுக்கும் ஒரே நீர்தான் ஈடுகொடுக்க வேண்டும். 2022-ஆம் ஆண்டின் வறட்சியில் கோடை நீர்மட்டம் வழக்கத்தைவிடப் பத்து மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. படகுத் துறைகள் தரை தட்டின. கரை நெடுகச் சேறு தெரிந்தது. ஏரிக்காக இடம்விட்ட ஊரார் அந்த ஏரிக்காகவே வானத்தை நோக்கி நின்றனர்.

ஏரியின் நடுவே சிறு தீவொன்றில் புனித மிக்கேல் சிற்றாலயம் நிற்கிறது. முன்னாளில் அது ஒரு குன்றின் உச்சி. சுற்றிலும் நீர் சூழ்ந்ததால் தீவாயிற்று. நீர் நன்கு தாழ்ந்த நாட்களில் அங்கே கால்நடையாகவே செல்லலாம். அவ்வாறு செல்வோர் முன்பு வயலாக இருந்த மண்ணை மிதித்துச் செல்கின்றனர். அணையின் பயனைக் கணக்கிடுவோர் அந்த மண்ணையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதே சவின் நமக்குக் கற்பிக்கும் பாடம்.