டிவிடி பிளேயருடன் ஸ்டீரியோ டிஏசியை இணைத்தல்

தட்டில் எண்களாகப் பதிந்திருக்கும் ஒலியை ஆம்ப்ளிஃபயர் ஏற்கக்கூடிய மின்னலையாக மாற்றும் கருவி டிஜிட்டல்-அனலாக் மாற்றி எனப்படும். சுருக்கமாக டிஏசி. ஒவ்வொரு டிவிடி பிளேயருக்குள்ளும் இப்படி ஒரு மாற்றி இருக்கிறது. பின்பக்கத்தில் உள்ள சிவப்பு, வெள்ளைத் துளைகளில் வருவது அது மாற்றித் தந்த ஒலிதான். அதற்குப் பதிலாகத் தட்டைப் படிக்கும் வேலையை மட்டும் பிளேயரிடம் விட்டுவிட்டு, ஒலியை மாற்றும் வேலையை வெளியே உள்ள இரண்டு தட ஸ்டீரியோ டிஏசியிடம் கொடுக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி எழுவதற்குக் காரணம் வீடுகளில் சேர்ந்துகிடக்கும் தட்டுகள். 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 14 அங்குலப் பெட்டியைக் கிராமங்கள் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. 2007-இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரையில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைக் கொண்ட மூங்கில்துறைப்பட்டு போன்ற ஊர்களிலும் அந்தக் காலத்துப் பிளேயர் பரணில் இருக்க வாய்ப்பு அதிகம். படம் இன்று கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் இணையத்தில் இல்லாத பழைய படமும், கேசட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிவைத்த கல்யாண வீடியோவும் அந்தத் தட்டில் மட்டுமே இருக்கும். பிளேயரின் அனலாக் பகுதி பழுதாகி ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பாடினாலோ இரைச்சல் கலந்து வந்தாலோ, சங்கராபுரத்துக்கோ திருவண்ணாமலைக்கோ தூக்கிக்கொண்டு போவதற்கு முன் அதன் டிஜிட்டல் வெளியீட்டைப் பார்ப்பது நல்லது. அந்த வழி பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்கும்.

இணைக்கும் முறை

பிளேயரின் பின்பக்கத்தில் இரண்டு வகை டிஜிட்டல் வெளியீடுகளில் ஒன்றாவது இருக்கும். கோஆக்சியல் என்பது ஒற்றை ஆர்சிஏ துளை; பெரும்பாலும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். ஆப்டிகல் என்பது சிறு கதவு போட்ட சதுரத் துளை. பிளேயர் ஓடும்போது உள்ளே சிவப்பு ஒளி தெரியும். இரண்டிலும் போவது சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த எஸ்பிடிஐஎஃப் என்ற ஒரே வடிவம்தான். ஆகவே ஒலித்தரத்தில் வேறுபாடு இல்லை.

கோஆக்சியலுக்குத் தனி ஒயர் வாங்க வேண்டியதில்லை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்றாக வரும் ஏவி ஒயரில் மஞ்சள் நிற ஒயர் வீடியோவுக்கானது. அதற்கும் கோஆக்சியலுக்கும் வேண்டிய மின்மறுப்பு 75 ஓம்தான் என்பதால் அதையே பயன்படுத்தலாம். ஆப்டிகல் ஒயரில் கவனிக்க வேண்டியவை வேறு: முனையில் மாட்டியிருக்கும் சிறு பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற வேண்டும் (இதை மறந்துவிட்டு டிஏசியைக் குறை சொல்பவர்கள் நிறைய), ஒயரைக் கூர்மையாக மடிக்கக் கூடாது. டிஏசியின் சிவப்பு, வெள்ளை வெளியீடுகள் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். படம் டிஏசி வழியாகப் போகாது. மஞ்சள் ஒயரோ எச்டிஎம்ஐ ஒயரோ முன்போலவே தொலைக்காட்சியில் இருக்கட்டும்.

எல்லாம் தீர்மானமாகும் இடம்

இணைத்தவுடன் படத்தட்டைப் போட்டுப் பார்ப்பதுதான் வழக்கமான தவறு. ஸ்டீரியோ டிஏசிக்குப் பிசிஎம் என்ற நேரடி எண்வடிவம் மட்டுமே புரியும். ஆனால் டிவிடியில் ஒலி பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் முறையில் சுருக்கப்பட்டிருக்கும். பிளேயரின் அமைப்புப் பட்டியலில் டிஜிட்டல் வெளியீடு 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'ரா' என்று இருந்தால், சுருக்கிய ஒலி அப்படியே டிஏசிக்குப் போய்விடும். நல்ல டிஏசி இது தனக்கானது அல்ல என்று உணர்ந்து மௌனமாகிவிடும். மலிவான சில அதையும் ஒலி என்றே எண்ணி மாற்ற, முழு அளவில் 'சர்ர்ர்' என்ற இரைச்சல் பாயும். வால்யூம் கூடுதலாக இருந்தால் உச்ச ஒலிக்கான சிறு ஸ்பீக்கர், அதாவது ட்வீட்டர், கருகிப்போகவும் கூடும். எனவே முதன்முறை ஓட்டும்போது வால்யூம் அடிமட்டத்தில் இருக்க வேண்டும்.

அமைப்புப் பட்டியலில் டிஜிட்டல் வெளியீட்டைப் 'பிசிஎம்' என்று மாற்ற வேண்டும். 48 அல்லது 96 கிலோஹெர்ட்ஸ் என்று கேட்டால் 48 போதும். டிவிடிப் படங்களின் ஒலி பொதுவாக அந்த அளவில்தான் பதிவாகியிருக்கும். அதன்பிறகு சோதனைக்குப் படத்தட்டை விடச் சாதாரண ஆடியோ சிடியே சிறந்தது. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் அளவில் அதில் இருப்பது பிசிஎம் மட்டுமே. சிடி பாடி, டிவிடி பாடாவிட்டால் ஒயரில் குறையில்லை, அமைப்பில்தான் குறை. சிடியும் பாடாவிட்டால் ஒயரையோ டிஏசியின் உள்ளீட்டுத் தேர்வையோ பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் டிடிஎஸ். டால்பியை உள்ளேயே விரித்துப் பிசிஎம்மாக்கத் தெரிந்த பல பிளேயர்களுக்கு டிடிஎஸ்ஸை விரிக்கத் தெரியாது. அட்டையில் டிடிஎஸ் என்று பெருமையாக அச்சிட்ட தட்டைப் போட்டால் படம் ஓடும், ஒலி வராது. ரிமோட்டில் 'ஆடியோ' பொத்தானை அழுத்தி டால்பி தடத்துக்கு மாற வேண்டும். டிவிடி விதிகளின்படி டிடிஎஸ் கூடுதல் தடம் மட்டுமே. டால்பியோ பிசிஎம்மோ போன்ற கட்டாயத் தடம் ஒன்று தட்டில் இருந்தாக வேண்டும்.

ஆறு தடம் இரண்டாகும்போது

5.1 ஒலியில் வசனம் நடு ஸ்பீக்கருக்கு உரியது. நம்மிடம் இருப்பதோ இரண்டு ஸ்பீக்கர். நடுத்தடத்தை 3 டெசிபல் குறைத்து இடம், வலம் இரண்டிலும் கலப்பதும், பின்பக்கத் தடங்களை முன்னே சேர்ப்பதும் பிளேயரின் வேலை. இதில் டிஏசிக்குப் பங்கில்லை. '.1' என்று குறிக்கப்படும் தாழொலித் தடம் இந்தக் கலப்பில் பொதுவாக விடப்பட்டுவிடும். வெடிச்சத்தம் தியேட்டரில் நெஞ்சில் மோதியது, வீட்டில் சப்பென்று இருக்கிறதே என்றால் காரணம் இதுதான். எச். ஸ்ரீதரும் ஏ. எஸ். லட்சுமி நாராயணனும் 2002-ஆம் ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவுக்கான தேசிய விருது பெற்ற 'கன்னத்தில் முத்தமிட்டால்' போன்ற படத்தை இரண்டு ஸ்பீக்கரில் கேட்பவர், அவர்கள் செய்த வேலையின் சுருக்கத்தைத்தான் கேட்கிறார். எவ்வளவு விலை கொடுத்து டிஏசி வாங்கினாலும் விட்டுப்போன தடம் திரும்ப வராது.

படம் பார்த்த பிறகு சிடி போட்டால் திடீரென்று சத்தம் கூடுவதும் பழுதல்ல. டால்பி ஒலியில் வசனத்தின் அளவை வைத்து மொத்த ஒலியையும் தாழ்த்தும் குறிப்பு ஒன்று தடத்திலேயே இருக்கும். சிடியில் அப்படி ஏதும் இல்லை. இரவில் பிள்ளைகள் தூங்கும்போது வசனம் கேட்காமல் சண்டை மட்டும் அலறினால், பட்டியலில் உள்ள 'டிஆர்சி' அல்லது 'நைட் மோட்' உதவும்.

ப்ளூ-ரே பிளேயரில் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ ஆகியவற்றை எஸ்பிடிஐஎஃப் வழி தாங்காது. அங்கும் பிசிஎம் என்று அமைத்தால் இரண்டு தட ஒலி கிடைக்கும். பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸில். எஸ்ஏசிடி தட்டின் உயர்தரப் பகுதி இந்த வழியில் வரவே வராது. எச்டிஎம்ஐ மட்டுமே உள்ள பிளேயர் என்றால், அதைத் தொலைக்காட்சியில் இணைத்து, தொலைக்காட்சியின் ஆப்டிகல் வெளியீட்டைப் பிசிஎம் என்று வைத்து டிஏசிக்குக் கொடுக்கலாம்.

'ம்ம்ம்' என்ற உறுமல் கேட்டால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் சத்தம். டிஷ் ஆன்டெனா ஒயர், செட்டாப் பெட்டி, ஆம்ப்ளிஃபயர் என்று ஒவ்வொன்றும் வேறு வேறு வழியில் தரையைத் தொடும்போது இது வரும். கோஆக்சியலை எடுத்துவிட்டு ஆப்டிகலுக்கு மாறினால் பிளேயர் பக்கத்திலிருந்து வந்த உறுமல் நின்றுவிடும், ஏனென்றால் அந்த ஒயரில் உலோகமே இல்லை. அப்படியும் நிற்காவிட்டால் டிஏசியின் 5 வோல்ட் அடாப்டரை மாற்றிப் பார்க்கலாம். மலிவான அடாப்டர்தான் இந்தப் பெட்டிகளில் முதல் சந்தேகத்துக்குரிய பொருள்.

நல்ல நிலையில் உள்ள பிளேயரில் டிஏசி சேர்த்தால் வித்தியாசம் சிறிதாகத்தான் இருக்கும். பலருக்குக் கேட்கவே கேட்காது. அந்தப் பணத்தை ஸ்பீக்கருக்குப் போடுவதே மேல். அனலாக் வழி கெட்ட பிளேயருக்கும், ஹெட்போன் துளையைத் தவிர வேறு அனலாக் வெளியீடு இல்லாத புதுத் தொலைக்காட்சிக்கும்தான் இது உண்மையில் உதவும். பிளேயர் ஒருநாள் முழுதாகப் படுத்துவிட்டால், அதே டிஏசியைத் தொலைக்காட்சியின் ஆப்டிகல் துளையில் செருகிக்கொள்ளலாம்.